மலிவு லென்ஸில் புற ஊதாப் படம்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் சோதிப்பது எப்படி

திருப்பூரில் துணியின் தரம் பார்க்கும் வேலை எனக்கு. நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியில் யுவி (புற ஊதா) பொத்தானை அழுத்தினால் வெள்ளை பனியன் நீலமாக ஒளிரும். பத்து வருடமாக அதைப் பார்த்துப் பார்த்து, பூக்கள் அந்த ஒளியில் எப்படி இருக்கும் என்ற ஆசை வந்தது. ஆசை வந்தது ஒரு மார்கழியில். உருப்படியான முதல் படம் கிடைத்தபோது பங்குனி பிறந்துவிட்டது. நடுவில் போன மாதங்களில் பாதிக்கு மேல், குற்றமே செய்யாத லென்ஸ்களைக் குறை சொல்லிக் கழித்தேன்.

புற ஊதாவுக்கென்றே செய்த லென்ஸ்கள் இருக்கின்றன. நிக்கானின் யுவி-நிக்கோர் 105 மி.மீ. எஃப்/4.5 அப்படிப்பட்டது, சாதாரணக் கண்ணாடிக்குப் பதில் குவார்ட்ஸும் ஃப்ளோரைட்டும் வைத்தது. அதன் விலையை இங்கே எழுதிப் பயனில்லை. நம் கைக்கு எட்டுவது பழைய ஸ்டுடியோ லென்ஸ்களும் ரஷ்ய லென்ஸ்களும்தான். அவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும், சில சுத்தமாக ஆகாது. பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். சோதிக்க என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு, எங்கே ஏமாறுவீர்கள் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் எது வேண்டும் என்று தெளிவாகுங்கள்

யுவி டார்ச் அடித்து, பொருள் பச்சையாகவும் நீலமாகவும் ஒளிர்வதைப் படமெடுப்பது ஒரு வகை. அதற்கு எந்த லென்ஸும் போதும், ஏனென்றால் கேமராவுக்குள் போவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. நான் சொல்லப்போவது அதுவல்ல. பொருள்மீது பட்டுத் திரும்பும் புற ஊதாவையே, அதாவது ஏறத்தாழ 320 முதல் 400 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியையே, படமாக்குவது. இதற்குத்தான் லென்ஸ் முக்கியம். கண்ணாடி தடிமனாக, துண்டுகள் கூடுதலாக, பூச்சுகள் பலவாக இருந்தால் இந்த ஒளி உள்ளேயே நின்றுவிடும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு லென்ஸ் வாங்கியவர்களை நானறிவேன். நானும் முதல் வாரம் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

2. கேமரா: மாற்றித் தரச் சொல்லும்போது கேட்க வேண்டியவை

ஏறத்தாழ எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி இருக்கும். அது புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும். அதைக் கழற்றிவிட்டு, புற ஊதாவை விடும் தெளிந்த கண்ணாடி வைக்க வேண்டும். முழு அலைவரிசை மாற்றம் என்பார்கள்.

பழைய மிரர்லெஸ் பாடி (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத வகையில், லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) வாங்குவதே நல்லது. திரையில் பார்த்தே ஃபோகஸ் செய்யலாம், எந்த லென்ஸையும் பொருத்தலாம். நான் வாங்கியது சோனி நெக்ஸ் வகை, பேட்டரியோடு 10,500 ரூபாய். நிக்கான் டி70 போன்ற மிகப் பழைய கேமராக்கள் மாற்றாமலேயே ஓரளவு புற ஊதாவைப் பதிவு செய்யும் என்பது உண்மை. ஆனால் அதில் நேரலைத் திரை கிடையாது. கறுப்பு ஃபில்டர் போட்டபின் கண்ணைக் கட்டிக்கொண்டு படமெடுப்பது போலத்தான்.

மாற்றித் தருபவரிடம் எழுத்திலேயே கேளுங்கள்: வைக்கப்போகும் கண்ணாடி என்ன வகை, 350 நானோமீட்டரில் அது ஒளியை விடுமா, பூச்சு ஏதும் உண்டா? நான் முதலில் கொடுத்த இடத்தில் "ஃபுல் ஸ்பெக்ட்ரம்தாங்க, எல்லாம் வரும்" என்றார்கள். அகச்சிவப்பு அருமையாக வந்தது, புற ஊதா வரவேயில்லை. அகச்சிவப்புக்கென்று வைத்திருந்த பூச்சுக் கண்ணாடியையே போட்டிருந்தார்கள். மறுபடி கழற்றி மாற்ற மூன்று வாரம் போனது. நல்லவேளை, வாட்ஸப்பில் கேட்ட கேள்வியும் அவர்கள் பதிலும் இருந்ததால் இரண்டாம் முறைக்குக் காசு கேட்கவில்லை. மொத்தம் 7,000 ரூபாய்.

கேமரா வாங்கிய ரசீது, சீரியல் எண்ணின் படம், ஒப்படைத்த தேதியோடு ஒரு துண்டுச் சீட்டு, இந்த மூன்றும் கையில் இருக்கட்டும். யூட்யூப் பார்த்து நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஒன்று மட்டும். உள்ளே ஃப்ளாஷ் உள்ள கேமராவைத் தொடாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் அதன் கெப்பாசிட்டர் தூக்கி அடிக்கும்.

3. ஃபில்டர்: செலவும் காத்திருப்பும் இங்கேதான்

இரண்டு கண்ணாடி சேர்ந்ததுதான் மலிவான வழி. ஒன்று, புற ஊதாவை மட்டும் விடும் கறுப்பு ஃபில்டர். சீனத் தயாரிப்பில் இசட்டபிள்யூபி2 என்று கிடைக்கும். இது அகச்சிவப்பையும் கொஞ்சம் கசிய விடும். அந்தக் கசிவை அடைக்க இரண்டாவதாக ஒரு நீலப்பச்சைக் கண்ணாடி வேண்டும். எஸ்8612, பிஜி39 என்ற பெயர்களில் வருபவை நம்பலாம். இரண்டும் 2 மி.மீ. தடிமனில் வாங்கினேன். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். கறுப்பு ஃபில்டரை மட்டும் போட்டால் கேமராவுக்குப் போவதில் பெரும்பங்கு அகச்சிவப்புதான்.

அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை. அதனால் ஈபே வழியாக வரவழைத்தேன். இரண்டு ஃபில்டரும் சேர்ந்து 6,200 ரூபாய். சுங்க வரி தனியாக 4,700 ரூபாய் வந்தது, பொருள் விலையில் முக்கால் பங்கு. இந்த விகிதம் மாறக்கூடியது. பணம் கட்டும் வாரத்தில் என்ன விகிதம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஃபில்டரையும் லென்ஸையும் ஒரே பொட்டலத்தில் வரவழைக்க வேண்டாம். ஒன்றில் சிக்கல் வந்தால் இரண்டும் மாட்டிக்கொள்ளும்.

தயாராக வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்: விற்றவர் கொடுத்த பில், பணம் கட்டியதற்கான வங்கிக் குறுஞ்செய்தி அல்லது ஸ்க்ரீன்ஷாட், பொருளின் பக்கத்தை விலையோடு சேமித்த நகல். கூரியரில் வந்தால் ஆதாரோ பான் அட்டையோ கேட்பார்கள், அதன் ஸ்கேனும் வேண்டும். எனக்கு "கேமரா ஃபில்டர் என்றால் என்ன, எதற்கு" என்று கேள்வி வந்தது. பக்கத்தின் நகலை அனுப்பியதும் நான்கு நாளில் விட்டார்கள். "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்" என்று விற்பவரிடம் கேட்காதீர்கள். அந்த வழி 2019 இறுதியிலேயே அடைபட்டுவிட்டது, பொய்யான விவரம் என்று பொட்டலம் நின்றால் இன்னும் தலைவலி.

ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர ஆறு வாரம். எனவே முதலில் ஃபில்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு கேமராவை மாற்றக் கொடுங்கள்.

4. லென்ஸ் தேடும் இடம்

இணையத்தில் பட்டியல்கள் நிறைய உண்டு. பெரிதாக்கிக்கான (இருட்டறையில் ஃபிலிமிலிருந்து பெரிய படம் போடும் கருவி) இஎல்-நிக்கோர் 80 மி.மீ. எஃப்/5.6-இன் பழைய உலோக வகை, எம்42 திருகு (லென்ஸைக் கேமராவில் பொருத்தும் 42 மி.மீ. திருகு) கொண்ட 35 மி.மீ. எஃப்/3.5 ஜப்பானிய லென்ஸ்கள், ரஷ்யாவின் ஹீலியோஸ் 44-2, இண்டஸ்டார் 50 என்று போகும். இந்தப் பட்டியல்களைப் பார்த்து எல்லோரும் வாங்குவதால், அவற்றின் விலை மலிவாக இல்லாமல் போய்விட்டது என்பதுதான் வேடிக்கை.

அதைவிட நம் ஊரிலேயே தேடுங்கள். கோபி, காங்கயம், பெருந்துறை, உடுமலை என்று எந்த ஊரை எடுத்தாலும் முப்பது வருடம் பழைய ஸ்டுடியோ ஒன்று இருக்கும். இருட்டறை இப்போது ஃப்ரேம் அடுக்கும் அறையாகியிருக்கும், பெரிதாக்கும் கருவி மூலையில் கிடக்கும். அதன் லென்ஸை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள். எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணன் இஎல்-நிக்கோர் 50 மி.மீ. எஃப்/2.8 ஒன்றை 700 ரூபாய்க்குக் கொடுத்தார். "இதுல எத்தன கல்யாண போட்டோ போட்டிருக்கேன் தெரியுங்களா" என்று துடைத்துத்தான் தந்தார். ஒப்பிட்டுப் பார்க்க ஹீலியோஸ் ஒன்றை 4,500-க்கு ஆன்லைனில் வாங்கினேன்.

எடுத்த எடுப்பில் கழிக்க வேண்டியவை: ஜூம் லென்ஸ்கள், மிகப் பெரிய ஒளித்துளை (எஃப் எண் மிகச் சிறியது) உள்ளவை, வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பார்த்தால் மஞ்சள் சாயல் தெரிபவை. சூப்பர்-டாகுமார் 50 மி.மீ. எஃப்/1.4 போன்ற சில பழைய லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. காலப்போக்கில் அது மஞ்சளாகும், மஞ்சளாகிவிட்டால் புற ஊதா போகாது. மூன்று, நான்கு துண்டுக் கண்ணாடி மட்டும் உள்ள எளிய லென்ஸ்களுக்குத்தான் நல்ல வாய்ப்பு.

5. கடையிலேயே செய்யக்கூடிய ஒரு நிமிடச் சோதனை

365 நானோமீட்டர் டார்ச் ஒன்று வேண்டும், முன்னால் கறுப்பு ஃபில்டரோடு. எனக்கு 2,400 ரூபாய் ஆனது. பேட்டரி இல்லாமல் வரவழைத்தேன், 18650 செல்லும் சார்ஜரும் கோவையில் 600-க்கு வாங்கினேன். சந்தையில் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும் ஊதா டார்ச் 395 நானோமீட்டர். அந்த அலைநீளத்தை ஏறத்தாழ எல்லா லென்ஸும் விட்டுவிடும், அதில் "பாஸ்" ஆனதற்கு மதிப்பே இல்லை.

ஒரு 500 ரூபாய் நோட்டை எடுங்கள். டார்ச் அடித்தால் எண்கள் உள்ள இடமும் ஆங்காங்கே இழைகளும் ஒளிரும். இப்போது டார்ச்சுக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸை, துளையை முழுக்கத் திறந்து வைத்து, பிடியுங்கள். ஒளிர்வு கொஞ்சம் குறைந்தால் சரி, மேற்கொண்டு பார்க்கலாம். அணைந்தே போய்விட்டால் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் ஒளியைக் குவிக்கும் என்பதால் நோட்டை ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும், தள்ளிப் பிடித்தால் குவிந்த புள்ளி பிரகாசமாகத் தெரிந்து ஏமாற்றும்.

டார்ச்சைக் கண்ணில் காட்டாதீர்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி 120 ரூபாய், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: கொரோனா காலத்தில் வந்த கிருமிநீக்கி விளக்குகள் இப்போது பழைய சாமான் விலைக்குக் கிடைக்கின்றன. அவை 254 நானோமீட்டர். கேமராவுக்கு அது தெரியாது, கண்ணையும் தோலையும் கெடுக்கும். பக்கமே போக வேண்டாம்.

6. பொருத்தும் வளையம்: லேத் பட்டறைக் கதை

இருட்டறை லென்ஸில் ஃபோகஸ் செய்யும் அமைப்பே கிடையாது. அதனால் கேமரா வளையம், ஹெலிகாய்டு (திருகினால் நீண்டு சுருங்கும் குழாய்), அப்புறம் லென்ஸின் 39 மி.மீ. திருகை எம்42 திருகுக்கு மாற்றும் ஒரு சின்ன வளையம் வேண்டும். முதல் இரண்டும் 2,600 ரூபாய்க்கு வந்தன. மூன்றாவதுக்காக இன்னொரு ஆறு வாரம் காத்திருக்கப் பொறுமையில்லை. கோயம்புத்தூரில் கணபதி பக்கம் லேத் பட்டறைக்கா பஞ்சம்?

பட்டறைக்காரர் லென்ஸைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, வெளிய நாப்பத்திரண்டு, உள்ள முப்பத்தொம்பது. பிட்ச் ஒன்னு போட்டுரலாமுங்களா?"

எனக்கு என்ன தெரியும், "போட்ருங்க" என்றேன். அலுமினியத்தில் அரை மணி நேரத்தில் பளபளவென்று வந்தது. 450 ரூபாய். வீட்டுக்கு வந்து திருகினால் இரண்டு சுற்று போய் இறுகி நின்றது. எண்ணெய் விட்டேன், அசையவில்லை. மறுநாள் அவரே பிட்ச் கேஜை லென்ஸ் திருகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மில்லிமீட்டர் இல்லீங்க, இஞ்சு. இருவத்தாறு டிபிஐ."

விஷயம் இதுதான். எம்42 திருகின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு சுற்றுக்கு நடுவே உள்ள தூரம், 1 மி.மீ. ஆனால் இந்தப் பெரிதாக்கி லென்ஸ்களின் 39 மி.மீ. திருகு ஓர் இஞ்சுக்கு 26 சுற்று, அதாவது 0.977 மி.மீ. வித்தியாசம் தலைமுடி அளவு. சில சுற்றிலேயே அது சேர்ந்து இறுக்கிவிடும். எனவே பட்டறையில் சொல்ல வேண்டியது: வெளித்திருகு 42 மி.மீ., பிட்ச் 1. உள்திருகு 39 மி.மீ., 26 டிபிஐ. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் இரண்டாம் முறையும் 450 கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், தப்பு என்னுடையதும்தானே.

7. வெள்ளை எது: ஏ4 தாளும் பனியனும் வேண்டாம்

கண்ணுக்கு வெள்ளையாக இருப்பது புற ஊதாவில் வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை. நம் பனியனுக்குப் பளிச்சென்ற வெண்மை தர ஆப்டிகல் பிரைட்னர் போடுகிறார்கள் அல்லவா, அது புற ஊதாவை விழுங்கித்தான் நீலமாக ஒளிர்கிறது. அதனால் புற ஊதாப் படத்தில் பனியன் மங்கலாக, அழுக்காகத் தெரியும். பிரிண்டர் தாளும் அப்படியே. வீட்டுச் சுவரின் வெள்ளை பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு இருந்தால் சுவர் கறுத்தே போய்விடும்.

சரியான வெள்ளை டெஃப்லான். தகடு தேட வேண்டாம், மோட்டார் பம்பு கடையில் குழாய்த் திருகுக்குச் சுற்றும் வெள்ளை டேப் போதும், 25 ரூபாய். ஒரு சுற்று போதாது, ஒளி ஊடுருவும். நான்கு டேப் வாங்கி, எல்லாவற்றையும் ஒரு அட்டையில் பதினைந்து இருபது அடுக்காகச் சுற்றி வைத்திருக்கிறேன். கை படாமல் வையுங்கள், சன்ஸ்க்ரீன் பட்ட விரல்ரேகைகூடக் கறுப்பாகத் தெரியும்.

படத்தை ரா கோப்பாகவே (கேமரா நிறத்தைத் திருத்தாமல் சேமிக்கும் மூலப்பதிவு) எடுங்கள். கேமராவில் வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே விழும்படி நிறத்தைச் சரிசெய்வது) அமைக்கப் போனால் பிழை என்று காட்டலாம். காட்டட்டும், கணினியில் டேப்பின்மேல் சொடுக்கிச் சரிசெய்து கொள்ளலாம். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் நிற வெப்பம் 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது, அதனால் படம் சிவந்தே நிற்கும். ராதெரபீ என்ற மென்பொருள் இலவசம், அதில் பிரச்சினை இல்லை.

8. லென்ஸைச் சோதிக்கும் முன் கசிவைச் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு ஒரு மாதம் வீணானது.

முதல் சோதனை: ஃபில்டர்களைப் போட்டு, வெயிலில் ஒரு வேப்பங்கிளையைப் படமெடுங்கள். புற ஊதாவில் இலை கறுக்க வேண்டும். இலை வெளுத்துப் பளபளத்தால் அது அகச்சிவப்புக் கசிவு.

இரண்டாவது: அதே அமைப்பில் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன் பிடியுங்கள். அது புற ஊதாவைத் தடுத்துவிடும், எனவே படம் கறுத்துவிட வேண்டும். அதன் பிறகும் ஏதாவது தெரிந்தால், அவ்வளவும் வேண்டாத ஒளி. ஜன்னல் கண்ணாடியை வைத்து இதைச் செய்யாதீர்கள், அது புற ஊதாவில் ஒரு பகுதியை விட்டுவிடும்.

என் இஎல்-நிக்கோர் இந்த இரண்டாவது சோதனையில் தோற்றது. படம் முழுக்கப் புகை மூட்டம் போல வெளுத்திருந்தது. ஃபில்டரைக் குறை சொன்னேன், கேமரா மாற்றியவரைக் குறை சொன்னேன், கடைசியில் லென்ஸே மோசம் என்று டப்பாவில் போட்டுவிட்டேன். ஒரு ராத்திரி கரண்ட் போனபோது செல்போன் விளக்கில் அதே லென்ஸைத் திருப்பிப் பார்த்தால், துளை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செவ்வகம் மினுங்கியது. இருட்டறையில் எண் தெரிவதற்காக, விளக்கின் ஒளியை உள்ளிருந்து வெளியே கொண்டுவரும் ஜன்னல் அது. வெயிலில் அதுவே தலைகீழாக வேலை செய்து, ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு வெளி ஒளியை உள்ளே கொண்டுபோயிருக்கிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டினேன். புகை போயே போச்சு. பத்துப் பைசா டேப்புக்குப் பெறாத விஷயத்துக்குப் பதினோரு நாள்.

ஃபில்டர் உட்காரும் இடத்தில் இடைவெளி இருந்தாலும் இதே கதைதான். சுற்றிலும் டேப் ஒட்டுங்கள்.

9. லென்ஸின் ஆழம் பார்ப்பது

இப்போதுதான் லென்ஸுக்கு வருகிறோம். மூன்று சோதனைகள் செய்கிறேன். மூன்றையும் ஒரே நாளில், காலை 11-க்கும் மதியம் 1-க்கும் நடுவில், மேகமில்லாதபோது முடிக்க வேண்டும். சூரியன் சாய்ந்தால் புற ஊதா மற்ற ஒளியைவிட வேகமாகக் குறையும். காலையில் ஒரு லென்ஸ், சாயங்காலம் ஒரு லென்ஸ் என்று ஒப்பிட்டால் சாயங்கால லென்ஸ் பாவம்.

(அ) ஸ்டாப் கணக்கு. டெஃப்லான் அட்டையை வெயிலில் வையுங்கள். எஃப்/8. நீலப்பச்சை ஃபில்டரை மட்டும் போட்டு, சரியான வெளிச்சத்தில் ஒரு படம். அப்புறம் இரண்டு ஃபில்டரும் போட்டு, அதே அளவு வெளிச்சம் வரும்வரை நேரத்தைக் கூட்டி ஒரு படம். இரண்டுக்கும் நடுவே எத்தனை முறை நேரம் இரட்டிப்பானது என்று எண்ணுங்கள் (ஒரு இரட்டிப்பு ஒரு ஸ்டாப்). அந்த எண் சிறியதாக இருக்கும் லென்ஸ் நல்லது. ஒரு லென்ஸில் 9, இன்னொன்றில் 12 என்றால் மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு நேரம். லென்ஸின் துளை எண் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இந்த முறையில் அது கழிந்துவிடும். இந்த எண் உங்கள் கேமரா, உங்கள் ஃபில்டரைப் பொறுத்தது. அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

(ஆ) 340 ஓட்டை. இது நம் ஊரில் இலவசமாகவே கிடைக்கலாம். ரத்தப் பரிசோதனை லேபுகளில் உள்ள பயோகெமிஸ்ட்ரி அனலைசருக்குள் 340, 405, 505, 546 என்று குறிப்பிட்ட அலைநீளத்தை மட்டும் விடும் பொத்தான் அளவு ஃபில்டர்கள் இருக்கும். இயந்திரம் பழுதானால் கழற்றிப் போடுவார்கள். எங்கள் தெரு லேபுக்கு சர்வீஸ் பார்க்க வந்தவர் 340-உம் 405-உம் கொடுத்துவிட்டு, டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கறுப்பு அட்டையில் இரண்டு ஓட்டை போட்டு அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். பின்னால் வெயில்படும் டெஃப்லான். கேமராவில் நீலப்பச்சை ஃபில்டர் மட்டும். 405 ஓட்டை எல்லா லென்ஸிலும் பளிச்சென்று தெரியும். 340 ஓட்டை தெரிகிறதா, எத்தனை நொடிக்குப் பிறகு தெரிகிறது என்பதுதான் கேள்வி. என் கேமராவோடு வந்த ஜூம் லென்ஸில் 30 நொடிக்குப் பிறகும் ஒன்றுமில்லை. அட்டையை நேருக்கு நேர் பாருங்கள், இந்த வகை ஃபில்டர் சாய்ந்தால் அலைநீளம் இன்னும் கீழே நகரும். பழைய ஃபில்டரின் ஓரம் உரிந்திருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

(இ) பொய் நிறம். டேப்பை வைத்து வெண்சமநிலை செய்த படத்தில், நீண்ட அலை (380-ஐ ஒட்டி) வெளிர் நீலமாகவும், குறுகிய அலை மஞ்சளாகவும் விழும். இரண்டு நிறமும் பிரிந்து வருகிறதென்றால் லென்ஸ் இரண்டையும் விடுகிறது என்று அர்த்தம். எல்லாமே ஒரே சாம்பல் நீலமாக இருந்தால், லென்ஸ் 380-ஐ ஒட்டிய மெல்லிய பட்டையை மட்டுமே விடுகிறது. உங்கள் கேமராவும் ஃபில்டரும் அதிகபட்சம் என்ன தரும் என்று அறிய, பாடி மூடியில் ஓட்டை போட்டு, அலுமினியத் தாளில் மெல்லிய ஊசியால் குத்திய துளையை ஒட்டிப் படமெடுங்கள். நடுவில் கண்ணாடியே இல்லாத லென்ஸ் அது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், படம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் நிறங்கள் உண்மை பேசும். உங்கள் லென்ஸ் அந்த நிறங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள்.

என்னிடம் வந்த ஹீலியோஸும் 700 ரூபாய் இஎல்-நிக்கோரும் மோதியதில், ஸ்டாப் கணக்கில் இஎல்-நிக்கோர் ஒன்றரை ஸ்டாப் முன்னால். இதை வைத்து ஹீலியோஸ் மோசம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அந்த லென்ஸைப் பல வருடங்களாகப் பல ஆலைகளில் செய்தார்கள், பூச்சு வேறுபடும். உங்கள் கையில் உள்ளதைத்தான் சோதிக்க வேண்டும்.

10. ஃபோகஸ்

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஃபோகஸ் செய்துவிட்டு ஃபில்டரைப் போட்டால் படம் மங்கும். ஃபில்டர் போட்ட பிறகே, துளையை முழுக்கத் திறந்து, திரையைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/8-க்கு மூடிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். வெயிலில் திரை தெரியாது, தலைமேல் ஒரு துண்டு.

11. செலவு மொத்தம்

கேமரா 10,500, மாற்றம் 7,000, ஃபில்டர் 6,200, வரி 4,700, இரண்டு லென்ஸ் 5,200, ஹெலிகாய்டும் வளையமும் 2,600, லேத் 900, டார்ச்சும் செல்லும் 3,000, டேப்பும் கண்ணாடியும் 220. ஆக 40,320 ரூபாய். இதில் லென்ஸ் எட்டில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். ஹீலியோஸ் வாங்காமலே இருந்திருக்கலாம், அது பேராசை. ஃபில்டரில் மிச்சம் பிடிக்க நினைத்தால் மட்டும் எல்லாம் பாழ்.

12. எப்போது, எங்கே எடுப்பது

ஆனியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நமக்கு ஒரு படத்துக்கு அரை நொடி முதல் நான்கு நொடி வரை வேண்டும், பூ ஆடினால் ஒன்றும் கிடைக்காது. அந்த மாதங்களில் பூவைத் தண்டோடு வாங்கி வந்து, மொட்டை மாடியில் மூன்று பக்கம் அட்டை மறைப்பு வைத்து எடுங்கள். தை, மாசியில் வயலிலேயே எடுக்கலாம்.

முதல் பூவாகச் சூரியகாந்தியை வையுங்கள். விடை முன்கூட்டியே தெரியும் என்பதால் சோதனைக்கு ஏற்றது. நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் இதழ், புற ஊதாவில் நுனி வெளுத்தும் அடி கறுத்தும் இரண்டாகப் பிரியும். பிரியவில்லை என்றால் 8-ஆவது படிக்குத் திரும்புங்கள்.

வயலுக்குள் இறங்கும் முன் உரிமையாளரைக் கேட்டுவிடுங்கள். தாராபுரம் போகும் வழியில் ஒரு தோட்டத்தில், கேட்காமல் முக்காலியை ஊன்றிவிட்டேன். வரப்பில் ஒரு பெரியவர் கையில் தடியோடு வந்து நின்றார்.

"ஏனுங் தம்பி, டவர் லைனுக்கு அளக்கறீங்களா?"

உயர்மின் கோபுரப் பிரச்சினையில் நொந்துபோன ஊர்களில், முக்காலியோடு நிற்பவன் எவனும் சர்வேக்காரன்தான். இல்லைங்கய்யா, பூவைத்தான் எடுக்கிறேன் என்று திரையைக் காட்டினேன். கறுத்த நடுவட்டத்தையும் பளிச்சிடும் இதழ் நுனியையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வரிசையாக நின்ற பூக்களைப் பார்த்தார்.

"இது பூச்சி தாக்குனதுங்களா?"

அதற்குப் பிறகு, ஒரே பூவைச் சாதாரணமாகவும் புற ஊதாவிலும் எடுத்த இரண்டு படங்களைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுப் பையில் வைத்திருக்கிறேன். ஒரு பிரதி தோட்டத்துக்காரருக்கு. இருபது ரூபாய் செலவு, அனுமதி உடனே கிடைக்கிறது.